ஐம்பது என்றால் ஐந்து விநாடி

பழைய கன்ட்ரோலரில் ஓடிய மெஷினைப் புதுக் கன்ட்ரோலருக்கு மாற்றும் தொழிலில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம், ஐந்து விநாடியை மட்டும் மாற்றக்கூடாது. நாங்கள் முதலில் மாற்றித் தொலைப்பது அதைத்தான்.

'நாங்கள்' என்று தெரியாமல் எழுதவில்லை. தொழில் என் வீட்டுக்காரருடையது. சென்னை பாடியில் ஒரு ஃபேக்டரியில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸில் இருந்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, திருமுல்லைவாயிலில் எங்கள் வீட்டுப் பின்பக்க ரூமிலேயே கடை போட்டார். வீட்டுக்குள் தொழிலைக் கொண்டுவந்த கணவர்களுக்கு வாழ்க்கைப்பட்டவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் சோபா மேல் துணிக்கட்டு இருக்கும், கட்டிலுக்கடியில் ஊறுகாய் பாட்டில் இருக்கும். எங்கள் வீட்டில் ஒயர். துவரம்பருப்பு டப்பாவில் ஒருநாள் ஸ்க்ரூ இருந்தது. பருப்பு எங்கே என்று நான் கேட்கவில்லை, கேட்டால் பதில் வரும்.

நான் இதற்குள் வந்தது அவருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆன சமயத்தில். கம்ப்யூட்டர் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "நீ கான்வென்ட்தானே, மேனுவலைப் படிச்சு மட்டும் சொல்லு" என்றார். படித்துச் சொன்னேன். அப்புறம் டைப் அடித்தேன். அப்புறம் அவருக்குக் கண் சரியாகிவிட்டது, வேலை மட்டும் என்னிடமே தங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் எங்கள் சிஸ்டர் கமா விட்டுப்போனால் முட்டிபோட வைப்பார். அந்தப் பயிற்சி கடைசியில் இதற்குத்தான் பயன்படுகிறது.

தெரியாதவர்களுக்காக: கன்ட்ரோலர் என்பது மெஷினின் மூளைப்பெட்டி. அதற்குள் இருக்கும் புரோகிராம் ஏணி மாதிரி படிப்படியாக இருப்பதால் அதற்கு லேடர் என்று பெயர். 'இவ்வளவு நேரம் பொறு' என்று மெஷினிடம் சொல்லும் படிதான் டைமர். பெட்டிக்குப் பெட்டி ஏணி வேறு. ஒரு ஏணியைப் பார்த்து இன்னொரு ஏணியை எழுதுவதுதான் என் வேலை.

இந்தத் தடவை வந்தது தனபால் என்பவருடைய பிரஸ், ரப்பரை அழுத்தி வேகவைக்கும் மெஷின். அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்கு ரப்பர் புஷ் செய்கிறவர். அவரிடம் ஐந்து பிரஸ். "முதல்ல ஒண்ணை மாத்திப் பார்ப்போம் சார்" என்றார். அதே மாதம் ஓசூரில் இருக்கும் என் மகள் நித்யாவுக்கு வளைகாப்பு. அது முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு இங்கே அழைத்துவர வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு ரூம். ஒன்றில் நாங்கள், இன்னொன்றில் பேனல்கள், அதாவது கன்ட்ரோலரும் ஒயரும் அடைத்த இரும்பு அலமாரிகள். சம்பந்தியம்மா போனில் ரொம்ப மரியாதையாக, "உங்களுக்கு இடம் சிரமம்னா சொல்லுங்க, இங்கேயே பார்த்துக்கறோம்" என்றார். அந்த மரியாதையில் இரண்டு நாள் எனக்குத் தூக்கம் இல்லை. என் வீட்டுக்காரர் சாமி படத்தைப் பார்த்துச் சொன்னார்: "இந்த ஒரு பிரஸ். முடிஞ்சதும் ரூம் காலி, கடையும் காலி."

ஐம்பது

அவர் பழைய புரோகிராமின் பிரிண்ட்டைப் பார்த்து எண்களைச் சொல்ல, நான் புதியதில் ஏற்றிக்கொண்டு வந்தேன். "டைமர் மூணு, ஐம்பது" என்றார். ஐம்பது போட்டேன். டெஸ்ட் செய்ய மேஜை மேல் ஒரு சிவப்பு விளக்கு வைத்திருந்தோம். ஐந்து விநாடி எரியவேண்டிய விளக்கு, கண் சிமிட்டுவதற்குள் எரிந்து அணைந்தது. எரிந்ததா இல்லையா என்பதிலேயே எங்களுக்குள் கருத்து வேறுபாடு.

விஷயம் இதுதான். பழைய பெட்டியில் டைமர் எண்ணுவது விநாடியில் பத்தில் ஒரு பங்காக. அதில் ஐம்பது என்றால் ஐந்து விநாடி. புதுப் பெட்டி எண்ணுவது ஆயிரத்தில் ஒரு பங்காக. அதற்கு ஐயாயிரம் என்று சொல்லவேண்டும். போதாக்குறைக்கு, பழைய பெட்டியிலேயே அவசரக்கார டைமர் என்று இன்னொரு ரகம் உண்டு. அதில் அதே ஐம்பது, அரை விநாடி. ஒரே எண், மூன்று அர்த்தம். "ஐம்பதுன்னா எந்த ஐம்பதுன்னு கேட்கமாட்டியா?" என்று என் மேல் பாய்ந்தார். கேட்டால் 'சொன்னதைப் போடு' என்பீர்கள் என்றேன். விளக்கைப் பார்த்துச் சொன்னார்: "கல்யாணமானதுலேர்ந்து நான் சொன்னதை நீ அப்படியே செஞ்சது இது ஒண்ணுதான். அதுவும் இப்படி ஆகணுமா?"

நிறுத்தின பிறகு

பழைய புரோகிராமில் ஒரு இடத்தில் நாலைந்து படிகள் ஒன்றை ஒன்று பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தன. படித்துப் பார்த்தால், பிரஸ்ஸை நிறுத்திய பிறகும் ஆயில் டாங்க்கின் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது. எழுதியவன் தூக்கத்தில் எழுதியிருக்கிறான் என்று முடிவு செய்து எல்லாவற்றையும் அழிக்கப்போனேன். "அழிக்காதே, அது ஆஃப் டிலே" என்று ஓடிவந்தார். சில டைமர் போட்டதும் காத்திருந்து கிளம்பும், சில டைமர் அணைத்த பிறகு காத்திருந்து நிற்கும். பழைய பெட்டியில் இந்த இரண்டாவது ரகம் கிடையாது. அதனால் பாவம், எழுதியவன் இருப்பதை வைத்து ஒட்டுப்போட்டிருக்கிறான். புதுப் பெட்டியில் அது ரெடிமேடாகவே இருக்கிறது, ஒரே படி.

நிறுத்து என்றால் நிற்கவேண்டியதுதானே, அதற்கு எதற்கு ஒரு டைமர் என்றேன். இந்த வீட்டில் டிவி, மோட்டார், மனுஷன் எதுவுமே ஒரு சொல்லில் நிற்பதில்லை என்கிற கோபம் எனக்கு. அவர் அதைக் கவனிக்கவில்லை. வாத்தியார் குரலில் பதில் சொன்னார்: "நிறுத்தின உடனே நின்னுட்டா சூடு உள்ளேயே தங்கிடும். கொஞ்ச நேரம் ஓடித்தான் அடங்கணும்."

வீடியோ கால்

நித்யா அழைத்தாள். மூச்சுப் பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்தாளாம். மூக்கால் இழுத்து, நிறுத்தி, வாயால் விடவேண்டும் என்று செய்து காட்டினாள். ரூமைக் காட்டச் சொன்னாள். நான் போனைச் சாமர்த்தியமாக ஜன்னல் பக்கம், கொய்யா மரம் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ரிலே, பேனலுக்குள் தானாக விழும் சுவிட்ச், 'டக்' என்றது. பின்னாலேயே "ஹேமா, அந்த அஞ்சாவது டைமரைப் பாரு" என்று குரலும் வந்தது. பெற்ற பெண்ணை ஏமாற்ற முடியுமா. அவள் பெரிதாக ஒரு பெருமூச்சு விட்டாள், அது பயிற்சியில் சேர்ந்ததா என்று தெரியவில்லை. "தொட்டிலை எந்தப் பேனல்லம்மா மாட்டப்போறே?"

தும்மல்

பிரஸ்ஸில் மூச்சு என்று ஒன்று உண்டு. இது நான் வைத்த பேர் இல்லை, எஸ்டேட் முழுக்க அப்படித்தான் சொல்கிறார்கள். ரப்பரை டை என்கிற அச்சுக்குள் வைத்து அழுத்திச் சூட்டில் வேகவிடும்போது உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும். அதனால் கொஞ்சம் வெந்ததும் பிரஸ் ஒரு விரல் அளவு திறந்து, காற்றை வெளியே விட்டுவிட்டு மறுபடி மூடவேண்டும். மூச்சு விடாவிட்டால் புஷ்ஷில் கொப்புளம் வரும். வேகும் நேரம் நாலு நிமிஷம். டை மூடிய இருபதாவது விநாடியில் மூச்சு.

பழைய பெட்டி எண்ணுவது மேலிருந்து கீழே. இரண்டாயிரத்து நானூறில் ஆரம்பித்துக் குறைந்துகொண்டே வரும். அதனால் எழுதியவன், 'இரண்டாயிரத்து இருநூறுக்குக் கீழே வந்தால் மூச்சு விடு' என்று எழுதியிருந்தான். நான் இந்தத் தடவை உஷாராக எல்லாவற்றையும் நூறால் பெருக்கி ஏற்றிவிட்டேன். ஆனால் புதுப் பெட்டி எண்ணுவது பூஜ்யத்திலிருந்து மேலே. பூஜ்யம் எப்போதுமே கீழேதான். அதனால் எஸ்டேட்டில் மாட்டி ஓட்டியதும், டை மூடிய அதே நொடியில் மூச்சு. ரப்பர் சூடே ஆகவில்லை, அதற்குள் பிரஸ் ஒரு குலுக்குக் குலுக்கித் திறந்து மூடுகிறது. வெந்து வெளியே வந்த புஷ் எல்லாம் பொரித்த அப்பளம் மாதிரி கொப்புளம்.

பிரஸ்ஸை ஓட்டுகிறவர் ஏகாம்பரம். தனபாலிடம் ரொம்ப வருஷமாக இருக்கிறார். ஒரு புஷ்ஷை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "இன்னா மேடம் இது, மூச்சு வுடச் சொன்னா தும்முது."

மறதி

தும்மலைச் சரி செய்து, தனபால் எதிரில் ஓட்டிக் காட்டப் போன அன்று, டை சூடாகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. டீ வருவதற்குள் திரும்பி வந்துவிட்டது. டை அப்படியே கொதித்துக்கொண்டிருக்கிறது, தண்ணீர் தெளித்தால் சுர்ரென்கிறது. ஆனால் புதுப் பெட்டி, டை சூடாகவேண்டிய நேரத்தை முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தது. அது எண்ணி முடிக்கும்வரை ஸ்டார்ட் பட்டனை அமுக்கினாலும் அசையாது. நாலு பேரும் மெஷினைச் சுற்றி நின்று டீ குடித்தோம். அப்புறம் சும்மா நின்றோம்.

இதில் எனக்கு ஒரு நியாயம் இருக்கிறது. பழைய புரோகிராமில் அந்த இடத்தில் டைமரே இல்லை. கவுன்டர் வைத்து விநாடிகளைப் புளியங்கொட்டை மாதிரி ஒவ்வொன்றாக எண்ணியிருந்தான். இது ஏன் இப்படி என்று நான் கேட்டேன். "டைமர் தெரியாத ஆளு, நீ டைமரே போடு" என்றார் என் வீட்டுக்காரர். டைமர் தெரியாத ஆள் இல்லை. அந்தப் பெட்டியில் கரண்ட் போனால் டைமர் மறந்துவிடும், கவுன்டர் மறக்காது. அது தெரிந்துதான் போட்டிருக்கிறான். "கரண்ட் போகும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு சார், நீங்க இங்கதானே குடியிருக்கீங்க?" என்று தனபால் கேட்டார். என் வீட்டுக்காரர் கண்ணாடியைத் துடைத்தார். ஞாபகம் வைத்துக்கொள்ளும் டைமர் புதுப் பெட்டியிலும் உண்டு. அதைத் தேடி எடுத்து மாற்றி ஏற்றிக்கொண்டிருந்தேன். ஏகாம்பரம் பக்கத்தில் வந்து ஆறுதலாகச் சொன்னார்: "வுடுங்க மேடம். எங்க ஊட்டம்மாவும் இப்டித்தான். சண்ட நடுவுல யாருனா வந்துட்டுப் போனா மொதல்லேர்ந்து ஆரம்பிக்கும்."

டக்

எல்லாம் சரியாக ஓடியது. புஷ்ஷில் கொப்புளம் இல்லை. கரண்ட் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து எண்ணியது. நான் ஓசூருக்குப் போன் செய்து, ரூம் ரெடி மாதிரிதான் என்று சொல்லிவிட்டேன். 'மாதிரி' என்ற சொல்லை மெதுவாகச் சொன்னேன். அதற்கு மறுநாள் தனபாலின் போன். மெஷின் ஸ்லோவாகிவிட்டதாம். பழைய பெட்டியில் ஷிஃப்டுக்கு வந்த அளவு உருப்படி வரவில்லையாம். "இந்த வாரம் பார்ப்பேன் சார். சரியா வரலைன்னா பழைய பெட்டியவே ரிப்பேர் பண்ணிக் கொடுத்துடுங்க" என்றார். பழைய பெட்டியை ரிப்பேர் செய்வதென்றால் எங்கே வைத்துச் செய்வது? என் பெண் படுக்கவேண்டிய ரூமில்தான்.

கிளம்பிப் போனோம். என் வீட்டுக்காரர் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து ஒவ்வொரு டைமராக அளந்தார். ஒரு விநாடி கூடப் பிசகவில்லை. மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார். எனக்கு அளப்பதற்கு ஒன்றும் இல்லாததால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ஏகாம்பரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரப்பர் வேகும் நேரத்தில் அவர் பிரஸ்ஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முன்னால் வந்த புஷ்களின் ஓரத்தில் பிசிறு வெட்டுகிறார். பிரஸ் முடித்துவிட்டுத் திறந்து நிற்கிறது. இவர் வெட்டிக்கொண்டே இருக்கிறார். தற்செயலாகத் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அடடா என்று எழுந்து வருகிறார். இது தாமதமா, இல்லை சோம்பேறித்தனமா என்று திட்ட வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது. நானும் குக்கருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதானே காய் நறுக்குகிறேன். ஒருநாள் விசில் வராவிட்டால் சாதம் கதி என்ன?

பழைய பேனலில் வேகும் நேரம் முடிந்ததும் ஒரு பெரிய ரிலே 'டக்' என்று விழும். எங்கள் வீட்டில் வீடியோ காலில் என்னைக் காட்டிக்கொடுத்த அதே ரகம்தான். புதுப் பேனலில் எல்லாம் சத்தமில்லாத சாமான். "அந்த டக் சத்தத்தைக் கேட்டுத்தான் திரும்புவீங்களா?" என்று ஏகாம்பரத்திடம் கேட்டேன். "அப்டியெல்லாம் ஒண்ணும் கெடயாது மேடம்" என்றார். என் வீட்டுக்காரரிடம் பழைய ரிலேயை எடுத்து மாட்டச் சொன்னேன். அது எந்த வேலையும் செய்யவேண்டாம், நேரம் முடிந்ததும் சத்தம் மட்டும் போடட்டும். "ஒண்ணுக்கும் கனெக்ட் ஆகாத ரிலேயா? டிராயிங்ல அதை என்னன்னு போடறது?" என்று தொழில் மானம் போன குரலில் கேட்டார். விசில் என்று போடுங்கள் என்றேன். மாட்டினார். நாலு நிமிஷம் ஆனது. டக். கையிலிருந்த பிளேடு பாதி பிசிறில் நின்றது, ஏகாம்பரத்தின் உடம்பு தானாகத் திரும்பியது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இத்தினி நாளு செத்துக் கெடந்துச்சு மேடம், இப்பதான் உசுரோட கீது."

டெம்போ

வாரக் கடைசியில் தனபால் எங்களை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "மீதி நாலையும் பண்ணிடுங்க சார். நாளைக்கே எல்லாப் பேனலையும் டெம்போல வீட்டுக்கு அனுப்பிடறேன்" என்றார். என் வீட்டுக்காரர் முகத்தில், ஐம்பத்தாறு வயது ஆளுக்குப் பிறந்தநாள் கேக் காட்டினால் வருகிற மாதிரி ஒரு வெட்கம். என் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. சாமி படத்தைப் பார்த்துச் சொன்னதை நான் அங்கே ஞாபகப்படுத்தவில்லை. கூட்டத்தில் அவரை விட்டுக்கொடுக்கும் வழக்கம் எனக்குக் கிடையாது, அதை வீட்டில் வைத்துக்கொள்வேன். தனபாலிடம் நேராகச் சொன்னேன்: பேனல் ஏற்றிய டெம்போ எங்கள் தெருவுக்குள் வரக்கூடாது. நாலு பேனலும் இங்கேயே இருக்கட்டும். ஒரு மேஜையும் ஃபேனும் போடுங்கள், வேலை இங்கேயே நடக்கும். எங்கள் வீட்டில் இருக்கும் சாமானையும் உங்கள் டெம்போவிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிடுங்கள்.

உடனே ஒத்துக்கொண்டார். இவ்வளவு சுலபமாகக் காரியம் முடிகிறதே என்று எழுந்தேன். "ஒண்ணே ஒண்ணு மேடம்" என்றார். "சார் வந்தா டைமரை அளப்பார். ஏகாம்பரத்தைப் பார்க்க நீங்கதான் வரணும்."

ரூம்

ரூம் காலியானது. சுவரைக் கழுவி, ஓட்டைகளை அடைத்து, எண்ணெய் வாசனை போகச் சாம்பிராணி போட்டேன். வளைகாப்பு முடிந்ததும் சம்பந்தியம்மாவே நித்யாவைக் கொண்டுவந்து விட்டார். கட்டிலுக்கடியில், ஜன்னலுக்குப் பின்னால், பரண் மேல் எல்லாம் பார்வையை ஓட்டினார். ஒரு சின்னச் சிவப்பு ஒயர்த்துண்டைத் தவிர வேறெதுவும் அகப்படவில்லை. அதைக் குனிந்து எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு சம்பந்தி" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் எத்தனை ஐம்பதுகளை நூறால் பெருக்கியிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது.

இப்போது காலையில் எழுந்து, சமைத்து மூடிவைத்து, நித்யாவுக்கு மாத்திரையும் ஃப்ளாஸ்கில் பாலும் எடுத்துவைத்து, காலை டிபன் பாக்ஸை மாட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் எஸ்டேட்டுக்குப் போகிறேன். சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பிவிடுகிறேன், கரண்ட் ஒத்துழைத்தால். வீட்டோடு இருப்பவர் என் வீட்டுக்காரர். பெண்ணோடு உட்கார்ந்து, காலை பதினோரு மணிக்கு மாதுளம்பழம் உரித்துக் கொடுக்கிறார். எனக்குப் போன் செய்து எந்த டைமர் வரை வந்திருக்கிறேன் என்றும் கேட்கிறார். இந்த நாலு முடிந்தால் கடை காலி என்று போன வாரம் மறுபடி சொன்னார். சாமி படம் இருந்த திசையை இந்தத் தடவை தவிர்த்துவிட்டார். நேற்றுக் காலை நான் செருப்பைப் போடும்போது நித்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்தாள். "எனக்கு ரூம் கெடைச்சிடுச்சும்மா, நீதான் கெடைக்கல."

கடையின் சுவிட்சை நான் எப்போதோ அணைத்துவிட்டேன், அந்த ஆயில் டாங்க் ஃபேன்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.